கர்னலுக்குக் கிடைத்த சாட்சி

அமெரிக்காவின் தெற்கில் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்த புதிது. வடக்கோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்குப் படையில் சண்டை போட்டவனுக்கு போஸ்ட்மாஸ்டர் வேலை கிடையாது என்பது சட்டம். கர்னல் பிராக்டனுக்கோ அந்த வேலைமேல் கண். தன்னிடம் அடிமையாக இருந்த எசேக்கியேலை மிரட்டினான்.

"நான் போருக்கே போகவில்லை என்று சாட்சி சொல்லுடா. இல்லாவிட்டால் குடிசையைக் காலி பண்ணு."

வடக்கிலிருந்து வந்த ஜட்ஜ் முன்னால் எசேக்கியேல் நின்றார்.

"சத்தியமாகப் போகவில்லை ஐயா. பீரங்கிச் சத்தம் கேட்டாலே இவருக்கு வயிற்றைக் கலக்கும். நாலு வருஷமும் கிழங்குக் குழிக்குள் பதுங்கியிருந்தார். சாப்பாடு கொண்டுபோனவன் நான்தான்."

கோர்ட்டே சிரித்தது. கர்னல் துள்ளி எழுந்தான்.

"பொய்! நானூறு பேரைப் போருக்கு நடத்திப்போனவன்டா நான்!"

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்கள் சொல்லச் சொன்னதைத்தானே சொன்னேன்?" என்று கர்னலிடம் கேட்டார் எசேக்கியேல். "குடிசை எனக்குத்தானே?"