தொட்டில் பையும் கொலம்பஸ் கப்பலும்

அந்தி மங்க மங்க, பொழுதுபோக்குப் பூங்காவில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பூத்தன. ராட்சத ஊஞ்சலான கொலம்பஸ் கப்பல் மேகத்தில் மிதப்பதுபோல ஆடி நின்றது. அதை ஓட்டுகிற மரகதவடிவின் முன்னால் பூங்கா முதலாளியின் மச்சான் தனசிங் வந்து நின்றார். அவர் நெஞ்சில் கட்டிய தொட்டில் பைக்குள் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"குழந்தையோட ஏறக்கூடாதுங்க சார்."

"நான் யாருன்னு தெரியுமா? உனக்கு நாளைக்கு வேலை வேணுமா, வேண்டாமா? இது வெளிநாட்டுப் பை. தலைகீழா ஆட்டினாலும் ஒண்ணும் விழாது!"

மரகதவடிவு சங்கிலியை விலக்கினாள். ஏறப்போன தனசிங், எல்லோரையும்போல, தன் புது செல்போனைப் பக்கத்தில் நின்ற மனைவியிடம் நீட்டினார். "பத்திரமா வச்சுக்கோ."

"அம்மாகிட்ட எதுக்குங்க சார்? பாப்பா பக்கத்துலயே பையில போட்டுக்கோங்க" என்றாள் மரகதவடிவு.

"அறிவிருக்கா உனக்கு? மேல போய்ச் சாயும்போது விழுந்து நொறுங்கிடும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மனைவி செல்போனை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். குழந்தையை மெல்ல எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கப்பல் கிளம்பியது. நெஞ்சில் வெறும் பையும், கையில் இறுகப் பிடித்த செல்போனுமாகத் தனசிங் நிலாவைத் தொட்டுத் தொட்டுத் திரும்பினார். கீழே குழந்தை தூக்கத்தில் சிரித்தது.