நாணல்குளத்துச் சீட்டாட்டமும் பசித்த வெள்ளாடும்

வெள்ளாடு சீட்டாடிப் பார்த்திருக்கிறீர்களா? நாணல்குளத்துக் காட்டில் ஒரு வெள்ளாடு ஆடியது. அதுவும், தான் ஆடுவது சீட்டாட்டம் என்றே தெரியாமல் ஆடியது!

அந்தக் குளத்தங்கரையில் ஆமை ஒன்று மனமகிழ் மன்றம் நடத்திவந்தது. வாசலில் ஒரே ஒரு பலகை. "உள்ளே இருக்கும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது." மற்றபடி எல்லாம் அவரவர் இஷ்டம்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் மன்றத்தில் போட்டி வைத்தார்கள். நுழைவுக்குப் பத்துப் புளியங்கொட்டை. ஜெயித்தால் ஒரு முழுப் பலாப்பழம்! அதன் மணம் குளத்துக்கு அக்கரைவரை அடித்தது.

சீட்டுக்குப் பதில் மரத்து இலைகள். ஆளுக்கு ஐந்து இலை போடுவார்கள். அதைத் தன் முன்னால் இருக்கும் கல்லுக்குப் பின்னால் மறைத்துவைக்க வேண்டும். ஒரே மரத்து இலை யாரிடம் அதிகமோ அவர் கை பெரிது. பயந்தவர் "விலகுறேன்" என்று சொன்னால் பத்துக் கொட்டையும் திரும்பக் கிடைக்கும். விலகாமல் இலையைக் காட்டித் தோற்றால் கொட்டையும் போச்சு. ஒருவர் வெளியேறியதும் இலைகளைக் கலைத்து மறுபடி போடுவார்கள். கடைசிவரை இருப்பவருக்குப் பழம்.

குள்ளநரிக்கு அந்தப் பழம் கட்டாயம் வேண்டும். அன்றைக்கு அதன் மாமியார் விருந்துக்கு வருகிறாள்.

"அத்தைக்குப் பலாப்பழம் கொண்டுவர்றேன். நீ அடுப்பே மூட்ட வேண்டாம்!" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டது.

பெண்டாட்டி பத்துப் புளியங்கொட்டையை எடுத்துக் கொடுத்தாள். "இது எங்கம்மா பல்லாங்குழி ஆடுற கொட்டை. ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க!"

வெள்ளாட்டுக்கு வேறு கணக்கு. வெயிலில் புல் எல்லாம் கருகிவிட்டது. எட்டுகிற கிளையிலும் இலை இல்லை. அதற்கு ஒரு முயல் சொல்லியிருந்தது: "ஆமை கடையில பத்துக் கொட்டை கொடுத்தா அஞ்சு இலை போடுறாங்க!"

சாப்பாட்டுக் கடை என்று நினைத்துக்கொண்டது ஆடு. யாரோ புளியம்பழத்தைத் தின்று துப்பிய கொட்டையில் பத்தைப் பொறுக்கிக்கொண்டு நேரே வந்து உட்கார்ந்துவிட்டது.

தவளை, பச்சோந்தி, மயில், நரி, ஆடு. ஐந்து பேர். ஆட்டம் ஆரம்பம்!

நரி தன் இலையைப் பார்த்ததைவிட அடுத்தவர் மூஞ்சியைப் பார்த்ததுதான் அதிகம்.

"தவளைத் தம்பி! தொண்டை ஏன் இப்படி அடிச்சுக்குது? அஞ்சும் கலப்படமா?"

தவளை வெலவெலத்துப்போனது. "விலகுறேன்!" கொட்டையை வாங்கிக்கொண்டு தண்ணீரில் குதித்தது.

ஆடு அப்போதுதான் ஒரு புங்க இலையை வாயருகே கொண்டுபோனது. ஆமை வெடுக்கென்று பிடுங்கிக் கலைத்துவிட்டது.

'இதென்ன கூத்து! போட்ட இலையை எடுக்கிறார்களே!' என்று ஆடு நினைத்தது. 'ஆனால் சாப்பிடாமல் போகிறவருக்குக் கொட்டையைத் திருப்பித் தருகிறார்கள். நாணயமான கடைதான்.'

அடுத்த ஆட்டத்தில் பச்சோந்தி கல்லின் நிறத்துக்கு மாறிவிட்டது.

"என்ன மச்சான், கல்லோட கல்லா ஒளியப் பாக்குறியா? அவ்வளவு மோசமா?" என்றது நரி.

"எப்படிய்யா கண்டுபிடிச்சே!" என்று பச்சோந்தியும் விலகியது.

ஆட்டின் வாய்க்கு வந்த இலை மறுபடியும் போனது. வயிறு கடகடவென்றது.

மூன்றாவது ஆட்டத்தில் மயிலின் தோகை துவண்டு தரையில் விழுந்தது.

"மயிலண்ணே, தரையைக் கூட்டுறதுக்கா இங்க வந்தீங்க?"

மயிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உன்கூட மனுஷன் ஆடுவானா!" என்று கொட்டையைப் பொறுக்கிக்கொண்டு நடந்தது. மயிலுக்குத் தான் மனுஷன் என்ற நினைப்பு!

மிச்சம் நரியும் ஆடும். ஆமை கடைசியாக இலையைப் போட்டது. பிறகு பலாப்பழத்தில் ஏறிய ஓர் எறும்பைத் தட்டிவிடத் திரும்பியது. ஆமை ஒரு பக்கம் திரும்பிவிட்டு மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் ஒருவேளைச் சாப்பாட்டை முடித்துக் கையும் கழுவிவிடலாம். ஆடும் அதைத்தான் செய்தது. இந்தத் தடவை யாரும் பிடுங்குவதற்கு முன்னால் ஐந்து இலையும் உள்ளே போய்விட்டது!

அந்த நேரத்தில் நரி குனிந்து தன் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு ஆலிலை! ஓர் அரச இலை! இப்படி ஒரு கை அதற்கு வாழ்நாளில் வந்ததில்லை.

நிமிர்ந்து ஆட்டைப் பார்த்தது. ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. தொண்டை அடிக்கவில்லை. நிறம் மாறவில்லை. வால்கூட ஆடவில்லை.

"ஆட்டக்கா, வெயில் ஏறுதே. வீட்டுக்குப் போகலையா?"

"சாப்பிட வந்துட்டு அரைவயித்தோட யாராவது போவாங்களா, தம்பி?"

நரிக்குத் திக்கென்றது. 'பழத்தைத் தின்பது உறுதி என்று இப்போதே உட்கார்ந்திருக்கிறாளே!'

"என்கிட்ட நாலு ஆலிலை இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"உனக்கு மட்டும் நாலா! கொடுத்துவெச்சவன் நீ."

பயப்படவே இல்லை!

"அப்ப... உங்களுக்கு வந்தது எப்படி?"

"அதை ஏன் கேக்குற! அஞ்சும் அருமை. ஒண்ணுகூட சோடை இல்லை!" என்று ஆடு கண்ணை மூடி ஏப்பம் விட்டது.

அஞ்சும் ஒரே மரம்! நரி முடிவே கட்டிவிட்டது. நாலைத் தோற்கடிக்க அது ஒன்றால்தான் முடியும்.

பழம் இல்லாமல் வீட்டுக்குப் போனால் திட்டு விழும். பழமும் இல்லாமல், மாமியாருடைய கொட்டையும் இல்லாமல் போனால்?

"விலகுறேன்! என் கொட்டையைக் கொடுங்க!"

ஆமை பத்துக் கொட்டையைக் கொடுத்தது. பலாப்பழத்தை ஆட்டின் பக்கம் உருட்டியது.

"ஆத்தாடி! அஞ்சு இலை சாப்பிட்டா இவ்வளவு பெரிய பழமும் தருவீங்களா? நாளைக்குப் பிள்ளைகளையும் கூட்டிட்டு வர்றேன்!" என்றது ஆடு.

"சாப்பிட்டதா?" ஆமை ஆட்டின் கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. அங்கே ஐந்து காம்பு கிடந்தது. நரியின் கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. நாலு ஆலிலை பளபளவென்று இருந்தது.

"அடப்பாவி! இதை வெச்சுக்கிட்டா விலகின? ஆட்டுக்கிட்ட ஓர் இலைகூட இல்லையேடா!"

குளத்திலிருந்து தவளை விழுந்து விழுந்து சிரித்தது. கல்லுக்கு மேல் இருந்த பச்சோந்தி சிரித்த சிரிப்பில் ஏழு நிறம் மாறியது.

எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தால், நம் கையில் இருக்கும் நல்லதை நாமே கீழே போட்டுவிடுவோம்.

நரிக்கு இது புரிந்தபோது, ஆடு பழத்தை முட்டி முட்டி உருட்டிக்கொண்டு பாதி தூரம் போய்விட்டது. நரி பின்னாலேயே ஓடியது.

"ஆட்டக்கா, ஆட்டக்கா! எங்க வீட்டு வழியாத்தானே போறீங்க? என் மாமியார் வாசல்லயே நிப்பாங்க. 'உங்க மாப்பிள்ளை ஜெயிச்சுட்டாரு, நான்தான் பழத்தை வழியில பிடுங்கிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கக்கா!"