கருப்பனுக்கு வைத்த சுருட்டு

சோணைமுத்து தன் குருவைவிட மூன்று வயது மூத்தவர். கருப்பன் கோயிலில் சாமியாடும் உரிமை சங்கிலிப் பூசாரிக்குப் பரம்பரையாக வந்தது. ஆகையால் குரு சிஷ்யனை ‘அண்ணே’ என்பார், சிஷ்யன் குருவை ‘சாமி’ என்பார். ஊருக்கு அது பழகிப்போயிருந்தது.

அருள் வந்தவர் சுருட்டுப் பிடித்தால்தான் வந்தது கருப்பன் என்று அந்த ஊர் நம்பும். திருவிழாவில் நேர்ந்துகொண்டவர்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஒருவருடையதை வாங்கி இன்னொருவருடையதை மறுத்தால் வெட்டுக்குத்தாகிவிடும். அதனால் பூசாரியும், துணைக்கு ஆடும் சோணைமுத்துவும் எல்லாவற்றையும் குடித்துத் தீர்த்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் குறி சொல்லும்போதும் இதே கதைதான்.

இப்போது சங்கிலிப் பூசாரியின் தாடை ஒரு பக்கம் வீங்கிக் கிடந்தது. புற்று என்று சொல்லி, முற்றிவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். பூசாரிக்கு வாரிசு இல்லாததால் இனி கருப்பனாக நின்று ஆட வேண்டியவர் சோணைமுத்து. காலமெல்லாம் அவர் ஏங்கிக் கிடந்த இடம் அது. ஆனால் அவர் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளையாக ஒரு தடிப்பு ஆறாமல் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பயந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் கோயிலில் ஆளில்லாத நேரம் பார்த்துப் பூசாரியிடம் போனார். “சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணே.” பூசாரிக்குப் பேச்சு குழறியது.

“வீட்டுல நாம ஒரு பீடியைத் தொட்டதில்ல. கருப்பன்தான நம்ம மேல வந்து குடிச்சான். அவன் குடிச்சது உங்களை எப்படித் தாக்கும்?”

பூசாரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கருப்பனின் கல் உதட்டில் செருகினார். அது எரிந்து முடிவதற்குள் உதட்டில் கரி படிந்துவிட்டது. பூசாரி ஈரத்துணியால் துடைத்தார். கரி முழுக்கத் துணியோடு வந்துவிட்டது.

“இப்ப நீங்க வாயைத் திறங்கண்ணே.”

சோணைமுத்து திடுக்கிட்டார்.

“காரத்தை ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிடுறீகளே. எனக்கா தெரியாது?”

வேறொரு சுத்தமான துணியை நனைத்து, பூசாரி அந்த வெள்ளைத் தடிப்பைத் துடைத்தார். துணியில் ஒன்றும் வரவில்லை. அழுத்தித் தேய்த்தார். சோணைமுத்துவுக்குக் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

“எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. சாமி பாத்துக்கிருவான்னு இருந்துட்டேன். நீங்க நாளைக்கே போய்க் காட்டுங்க.”

“காட்டுனா சுருட்டை விடச் சொல்லுவாக. சுருட்டுப் பிடிக்காம ஆடுனா, வந்தது கருப்பன்னு எவன் நம்புவான்?”

“எவனும் நம்ப மாட்டான்.”

சோணைமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்தில் வரும் காணிக்கையை நம்பி வீட்டில் இன்னும் கட்டிக்கொடுக்காத மகள் இருந்தாள். எந்தப் பக்கம் போனாலும் இழப்பு தனக்குத்தான் என்று புரிந்தபோது கருப்பனை நிமிர்ந்து பார்த்தார்.

“இம்புட்டு வருசம் நம்ம வாயால குடிச்சவன், நம்மளைக் காப்பாத்த மாட்டானா சாமி?”

பூசாரி துணியைப் பிழிந்து உதறினார்.

“அவன் ஒரு தடவைகூட இழுத்ததில்லண்ணே.”