அத்தைதான் கட்டணும்

மலையடிவாரத்தில், வாய்க்காலை ஒட்டி ஒரு சின்ன மடம் இருந்தது. அதில் துறவி உமையாள் அம்மை இருந்தார். முப்பதைத் தாண்டி அதிக காலம் ஆகவில்லை. இருந்தாலும் வயதில் மூத்தவர்களும் அவரை அம்மை என்றுதான் கூப்பிட்டார்கள். அவரோ அவர்களை அக்கா என்றும் அண்ணாச்சி என்றும் வாய் நிறைய அழைப்பார்.

மரகதம் அவரிடம் பாடம் கேட்பவள். வெள்ளிக்கிழமை தவறமாட்டாள். மகள் பொற்கொடிக்கு விபத்து நடந்த பிறகு வருவது நின்றுபோனது.

பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில்தான் நடந்தது. லாரி பின்பக்கமாக வந்திருக்கிறது. பிள்ளை பிழைத்தாள். இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

சேதி கேட்டதும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த நாத்தனார் இசக்கி, மாற்றுத் துணிகூட எடுக்காமல் பஸ் ஏறி வந்தாள். கட்டியவன் விட்டுப்போய், பிள்ளையும் இல்லாமல் தனியாக இருந்தவள். அவளைக் கண்டதும் மரகதம் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ வந்துட்டேல்லா இசக்கி, எனக்கு அது போதும்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா இரண்டு பேருக்கும் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தாள். மிச்சமிருக்கிற காலை எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட வேண்டும். முட்டியை நீட்டி அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மடங்கியபடியே நின்றுவிடும். பிறகு பட்டைத்துணியை இறுக்கிச் சுற்ற வேண்டும். வீக்கம் வற்றிக் கால் ஒரு வடிவத்துக்கு வந்தால்தான் செயற்கைக் கால் மாட்ட முடியும்.

மரகதம் காலைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துணி நழுவிக் கீழே விழுந்தது. இசக்கி அதை எடுத்து, "நகருங்க மதினி" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை ஒரே பிடியாக நின்றாள்.

"அத்தைதான் கட்டணும்."

காலையிலும் சாயங்காலமும் இசக்கி அறைக்குள் போவாள். கதவு சாத்திக்கொள்ளும். மரகதம் வெளியே நிற்பாள். முதலில் உள்ளே சத்தமே இருக்காது. ஒரு முனகல்கூடக் கேட்காது. பிறகு பிள்ளையின் குரல் வரும்.

"நீ பிசாசு அத்தை!"

"ஆமாடி, பிசாசுதான். காலை ஆட்டாத."

"கொள்ளிவாய்ப் பிசாசு!"

"அப்ப வாயில தீ வரும், தள்ளி உக்காரு."

அப்புறம் ரெண்டு பேரும் சிரிப்பார்கள். மரகதம் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளிடம் பிள்ளை இப்படிப் பேசுவதில்லை. விபத்துக்குப் பிறகு அவளிடம் பொற்கொடி ரொம்ப மரியாதையாகப் பழகினாள். தட்டில் போட்டதைத் தின்றாள். "தண்ணி வேணுமாடா?" என்றால், "பரவாயில்லம்மா, அப்புறம் குடிச்சிக்கிடுதேன்" என்றாள். விருந்துக்கு வந்த வீட்டில் பேசுகிற மாதிரி. முன்பெல்லாம் தோசை கருகினால் தட்டைத் தள்ளிவிட்டு ஆட்டம் போடுகிற பிள்ளை.

இசக்கியிடம் ஆட்டம் போட்டாள். இசக்கியின் முடியைப் பிடித்து இழுத்தாள். இசக்கி ஊட்டினால் முகத்தைத் திருப்பினாள், திட்டினாள், பிறகு அவள் மடியிலேயே தூங்கிப்போனாள்.

தன் கணவன் ஆவுடையப்பனிடம் மரகதம் சொன்னாள். "உங்க தங்கச்சி, பிள்ளையை என்கிட்ட இருந்து பிரிக்கா."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அவ கட்டுப் போடுதா மரகதம். வேற என்ன செஞ்சா?"

"அதைத்தான் சொல்லுதேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

ஒருநாள் இசக்கி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மரகதம் பக்கத்தில் போய் நின்றாள்.

"இவ்வளவு நாள் லீவு போட்டா கம்பெனியில சும்மா விடுவானா இசக்கி? உன் பொழப்பு கெட்டுப்போயிரக் கூடாதுல்லா. இனி நான் பாத்துக்கிடுதேன்."

குரலில் தேன் ஒழுகியது. இசக்கி முந்தானையைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி மதினி" என்றாள். மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாள்.

பொற்கொடி அழவில்லை. அத்தை எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. மரகதம் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்ததும் காலை ஒழுங்காக நீட்டிக் காட்டினாள்.

"வலிக்காடா?"

"இல்லம்மா."

"இப்ப?"

"வலிக்கலம்மா."

சொல்லும்போது பிள்ளையின் உதடு வெளுத்துப் போயிருந்தது. மரகதத்தால் முட்டியை அழுத்த முடியவில்லை. துணியை இறுக்க முடியவில்லை. கட்டு தொளதொளவென்று நின்றது. ஆனால் கட்டியது தான்தான் என்று அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். முட்டியை நீட்டச் சொன்னார். அது முழுதாக நீளவில்லை.

"போன தடவை நல்லா இருந்துச்சே. யாரு கட்டுப் போடுதீங்க?"

"இப்ப நான்தான்" என்றாள் மரகதம்.

"வீக்கம் திரும்பியிருக்கு. இப்ப அளவெடுக்க முடியாது. முன்னாடி யார் கட்டினாங்களோ அவங்களையே கட்டச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் ஆட்டோ பிடித்தான். வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் செய்தான். மறுநாளே இசக்கி வந்தாள். முகம் கழுவிவிட்டு அறைக்குள் போனாள். கதவு சாத்தியது.

மரகதம் வெளியே நின்று கேட்டாள். சத்தமே இல்லை. இப்போது முட்டி முன்பைவிட இறுகியிருக்கிறது, இப்போதுகூட ஒரு முனகல் இல்லை. பிறகு "பிசாசே" என்ற குரல். பிறகு சிரிப்பு.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே மடத்துக்கு நடந்தாள்.

உமையாள் அம்மை வாய்க்கால் மடையில் அடைத்திருந்த சருகை வாரிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு. மரகதம் கரையில் நின்றபடியே பேசினாள்.

"அம்மை, நான் பெத்த பிள்ளை. பத்து மாசம் சுமந்தது நான். ஆனா கால் போனதுல இருந்து பிள்ளைக்கு அவதான் எல்லாம். நான் தொட்டா உதடு வெளுக்கு, அவ தொட்டா வலிக்கவே மாட்டேங்கு. ஒரு சத்தம் இல்ல அம்மை. அவகிட்ட அப்படி என்ன இருக்கு?"

அம்மை ஒரு கை சருகை எடுத்துக் கரையில் போட்டார்.

"எனக்குத் தெரியாது, அக்கா."

"தெரியாதுன்னா எப்படி? நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

"கதவு சாத்தியிருக்கும்போது நீங்க எங்க நிக்கீங்க?"

"வெளியில. கதவுகிட்ட."

"என்ன செய்யுதீங்க?"

"கேட்டுக்கிட்டு நிப்பேன்."

"நாளைக்கு நிக்க வேண்டாம். அடுப்படிக்குப் போங்க. இசக்கி வெளியே வரும்போது அவ கையில குடுக்க ஒரு டீ போட்டு வைங்க."

"அவளுக்கா?"

"அவளுக்குத்தான்."

"இதுக்கும் நான் கேட்டதுக்கும் என்ன சம்பந்தம் அம்மை?"

அம்மை மறுபடியும் குனிந்து மடைக்குள் கையை விட்டார்.

மரகதம் முனகிக்கொண்டே வீடு திரும்பினாள். பிள்ளையைப் பறித்தவளுக்கு டீ வேறு. ஆனாலும் அம்மை சொன்னதைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலை கதவு சாத்தியதும் அவள் அடுப்படிக்குப் போனாள். பாலைக் கொதிக்கவிட்டாள். காது மட்டும் அறைப்பக்கமே இருந்தது. இசக்கிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் தெரிந்துகொள்ளவில்லை. குத்துமதிப்பாகப் போட்டு ஆற்றினாள்.

கதவு திறந்தது. இசக்கி வெளியே வந்தாள். முந்தானையை இழுத்து இரண்டு கையையும் மூடியிருந்தாள். எப்போதும் அப்படித்தான் வருவாள். மரகதம் அதைக் கவனித்ததில்லை.

"இந்தா, டீ."

இசக்கி திகைத்துப்போனாள். "எனக்கா மதினி?"

"பிடி. சுடுது."

இசக்கி வலது கையால் தம்ளரை வாங்கினாள். சூடு தாங்காமல் இடது கையையும் கொடுத்தாள். முந்தானை நழுவியது.

முன்கையில் பல் தடம் இருந்தது. இரண்டு வரிசையும் வளையமாகப் பதிந்திருந்தது. நடுவில் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. அதற்கு மேலே இன்னொன்று, நீலம் பாய்ந்து. முழங்கைப் பக்கம் மஞ்சளாக மங்கிப்போன பழைய தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. தையல் பிரித்த துணி மாதிரி இருந்தது கை.

"என்னடி இது?"

இசக்கி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் தேடினாள். "ஒண்ணுமில்ல மதினி."

"கேக்கேன்ல்லா. சொல்லு."

"முட்டியை அமுக்கும்போது உயிர் போற வலி வரும். கத்துனா அம்மாவுக்குக் கேட்டுரும்னு சொல்லுதா பிள்ளை. நீங்க அழுவீங்களாம். அதான் கையைக் குடுத்தேன். கடிச்சுக்கிடுதா."

அவள் சிரிக்கப் பார்த்தாள். "முடிஞ்சதும் என்னை நல்லா ஏசுவா. அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துரும்."

உள்ளே பொற்கொடி மெதுவாக எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அழுகை வரவேண்டிய இடத்தில் மரகதத்துக்கு வந்தது வேறு. அது என்னவென்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. இசக்கி பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி, வாசலைத் தாண்டி, வெயிலில் நடந்தாள்.

உமையாள் அம்மை மடத்துக் கூடத்தில் உட்கார்ந்து மதியச் சோற்றுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த மரகதத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"டீ குடுத்தேன் அம்மை."

"ம்."

மரகதம் பார்த்ததைச் சொன்னாள். முன்கையைச் சொன்னாள், சிவந்ததையும் நீலத்தையும் மஞ்சளையும் சொன்னாள். பிள்ளை தனக்காகச் சத்தத்தை விழுங்கியதைச் சொன்னாள். அம்மை கீரையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதைக் கேட்டதும் எனக்குப் பொறாமை போயிருக்கணும்லா? இல்ல அம்மை, கூடியிருக்கு. நான் வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன். அந்தக் கையைப் பாக்கப் பாக்க, இத்தனை கடி இவளுக்குக் கிடைச்சிருக்கேன்னுதான் எனக்குத் தோணுச்சு. என் பிள்ளையோட வலி முழுக்க அவ கையில இருக்கு. எனக்கு ஒண்ணுகூட இல்ல."

அவள் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன.

"ஒரு கடிகூட எனக்குத் தரலையே அம்மை, என் பிள்ளை. எனக்கு என்ன வழி?"

அம்மை அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, இசக்கிக்குக் கை வலிக்குதான்னு கேட்டீங்களா?"

"கேக்கலையே அம்மை" என்றாள் மரகதம். நீட்டிய கைகளை மெல்ல மடியில் இறக்கிக்கொண்டாள்.