வடிவாம்பாள் சொன்னது தப்பு

“அந்த அம்மா இனிமே இங்க வரக் கூடாது, சாமி.”

மாசிலாமணி நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மடத்தின் குரு வாய்க்கால் படியில் வேட்டியை அலசிக்கொண்டிருந்தார். மாசிலாமணியைவிட வயதில் இளையவர்.

“எந்த அம்மா?”

“வெத்தலைக் கொடிக்கால் வடிவாம்பாள். வேற யாரு?”

“என்ன செஞ்சாங்க?”

“சிரிச்சாங்க.”

குரு வேட்டியைப் பிழிந்தார்.

அந்த மடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஆறு பேர் கூடுவார்கள். குருவையும் சேர்த்தால் ஏழு. ஒரே புத்தகத்தை முறை வைத்துப் படித்துவிட்டு, எல்லோரும் படித்தபின் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தைக் கொண்டுவந்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது.

இந்த முறை புத்தகம் மாசிலாமணியுடையது. அரசனைப் பாட மறுத்து, பரிசையும் தொடாமல், கட்டிய துணியோடு நாட்டை விட்டு நடந்துபோன ஒரு புலவனின் கதை. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் மாசிலாமணி அழுதுவிடுவார். யாருக்கும் கொடுக்காமல் பெட்டியில் வைத்திருந்தவர், அந்த ஐந்து பேருக்காக வெளியே எடுத்தார்.

“எந்த இடத்துல சிரிச்சாங்க?”

“புலவன் எல்லையைத் தாண்டுற இடத்துல, சாமி! நான் அழற இடத்துல! ‘இந்த ஆளு வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பக் கூடாதா, அவ உலையை வச்சுட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பாளே’ன்னாங்க. மத்த நாலு பேரும் சேர்ந்து சிரிச்சாங்க. நான் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தப்போ எனக்குப் பேச்சே வரல.”

“ம்.”

“படிச்ச பக்கத்துக்கு அடையாளமா வெத்தலைக் காம்பை வச்சிருக்காங்க. என் புத்தகத்துல!”

“முழுசாப் படிச்சாங்களா?”

“ரெண்டு தடவை படிச்சாங்களாம். ஒரு தடவை படிச்சுட்டு உளறியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்.”

குரு வேட்டியை இன்னொரு முறை முறுக்கிப் பிழிந்தார்.

“ஒருத்தன் ராஜாவையே வேண்டாம்னு சொல்லிட்டுப் போறான். இவங்க உலை கொதிக்குதான்னு எட்டிப் பாக்கிறாங்க. இதுக்குப் பேரு வாசிப்பா? ஒண்ணு அவங்க வரணும், இல்ல நான் வரணும். நீங்களே சொல்லுங்க, சாமி.”

குரு வேட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அடுத்த வெள்ளிக்கிழமை அவங்க வர மாட்டாங்க. யாருமே வர மாட்டாங்க. நீங்க மட்டும் வாங்க. முதல்லயே பேசுங்க.”

அதன் பிறகுதான் மாசிலாமணி உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது கூடத்தில் குரு மட்டும் இருந்தார். ஐந்து பாய்கள் சுருட்டியபடியே சுவரோரம் நின்றன.

மாசிலாமணி புத்தகத்தைப் பிரித்தார். புலவன் நடந்துபோகும் இடத்தைப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

“எப்பேர்ப்பட்ட மனுஷன், சாமி!”

“ஆமா. எப்பேர்ப்பட்ட மனுஷன்.”

“மானம்னா இதுதான்.”

“இதேதான்.”

“அவன் திரும்பிக்கூடப் பார்க்கல. கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன். பார்க்கல.”

மாசிலாமணிக்கு மனம் குளிர்ந்தது. இன்னொரு பக்கத்தைப் படித்தார். குரு தலையாட்டினார். அதைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னார். அதற்கும் குரு தலையாட்டினார்.

ஒரு மாதமாகச் சொல்லக் காத்திருந்ததெல்லாம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோனது.

மாசிலாமணி குருவைப் பார்த்தார். குரு மாசிலாமணியைப் பார்த்தார்.

“நீங்க ஏதாவது சொல்லுங்க, சாமி.”

“நீங்க சொன்னதுதான் சரி.”

“அது இருக்கட்டும். உங்களுக்கு எந்த இடம் பிடிச்சுது?”

“உங்களுக்குப் பிடிச்ச இடம்தான்.”

மாசிலாமணி சற்று யோசித்தார்.

“புலவன் கொஞ்சம் அவசரப்பட்டுட்டானோ?”

“ஆமா. அவசரப்பட்டுட்டான்.”

“அவசரப்படல, சாமி!”

“ஆமாமா, அவசரப்படல.”

“இப்பத்தானே அவசரப்பட்டான்னு சொன்னீங்க!”

“நீங்க சொன்னீங்க. அதான் நானும் சொன்னேன்.”

மாசிலாமணி புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

“நீங்க இதைப் படிச்சீங்களா, இல்லையா?”

“படிச்சேன்.”

“படிச்ச மனுஷனுக்கு ஒண்ணுகூடவா தோணாது? ஒரு சொல்லு, ஒரு குறை, ஒரு சந்தேகம்? என்ன அநியாயம் இது! சுவத்துக்கிட்ட பேசின மாதிரி இருக்கு!”

“நீங்க கேட்டது இதுதானே?”

மாசிலாமணி புத்தகத்தை இடுக்கிக்கொண்டு எழுந்தார். செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

குரு கூப்பிடவில்லை.

வடிவாம்பாளின் வெற்றிலைக் கொடிக்கால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மாசிலாமணி வேலிப் படலுக்கு வெளியே நின்றுகொண்டு கத்தினார்.

“வடிவாம்பாள் அம்மா! வெளியே வாங்க!”

கொடிகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

“யாரு, மாசிலாமணி அண்ணனா? என்னை நிறுத்தியாச்சுன்னு சொல்லிட்டுப் போக வந்தீங்களா? சொல்லிட்டுப் போங்க.”

“அதெல்லாம் இல்ல. நீங்க அன்னிக்குச் சொன்னது தப்பு!”

“எது தப்பு?”

“எல்லாமே தப்பு! ஒண்ணு விடாம எல்லாமே!”

வடிவாம்பாள் வெளியே வந்தார். பறித்த வெற்றிலையைக் கூடையில் போட்டார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். படலைத் திறந்துவிட்டார்.

“எல்லாமேன்னா நின்னுக்கிட்டு முடியுமா அண்ணே? உள்ள வந்து உட்காருங்க.”