ஏழு முட்டையும் மூலையில்லாத அண்டாவும்

தொப்பளாம்பாடிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னபடியே செய்துவிடுவார்கள். அந்த ஊருக்கு இருக்கிற ஒரே கெட்ட பெயர் அதுதான். "கோயிலுக்கு ஒரு இடம் விடாம வெள்ளையடிங்கப்பா" என்று ஒருமுறை தர்மகர்த்தா சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது சுவர், மணி, உண்டியல், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பூசாரி எல்லாம் வெள்ளையாக இருந்தன. அதற்குப் பிறகு அவர்களை நம்பி யாரும் எதையும் கொடுப்பதில்லை.

அதனால்தான் வனத்துறை மேடம் ஆமை முட்டைகளைத் தன்னிடம் கொடுத்தபோது தணிகாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏரியைத் தூர் வாருகிற இயந்திரம் கரையைச் சுரண்டியதில் ஏழு முட்டைகள் வெளியே தெரிந்தன. பார்த்தவர் டீக்கடை தணிகாசலம். இயந்திரத்தின் முன்னால் போய்க் குறுக்கே படுத்துக்கொண்டார். சேதி போய், ஜெயசுதா என்ற அந்த மேடம் வண்டியில் வந்து இறங்கினார்.

"வண்டியில கொண்டுபோனா குலுங்கிப் போயிடும். நீங்களே வீட்ல ஒரு பெட்டி செஞ்சு வெச்சுப் பாத்துக்குங்க ஐயா. எனக்கு வெளியூர்ல ரெண்டு மாசம் பயிற்சி இருக்கு. முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார் மேடம். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். தெர்மாகோல் பெட்டியில் மணல் போட்டு, ஓரத்தில் ஒரு பல்பு மாட்ட வேண்டும். சூடு முப்பது டிகிரி இருக்க வேண்டும், எல்லா மூலையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். காற்று வர ஒரு ஓட்டை, போக ஒரு ஓட்டை. உள்ளே சின்னதாக ஒரு விசிறி வைத்து, காற்று சுற்றிவரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டையின் மேல் பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மேல் பக்கம் எப்போதும் மேல் பக்கமாகவே இருக்க வேண்டும்.

"உசிரக் குடுத்தாவது பாத்துக்கறேன் மேடம்" என்றார் தணிகாசலம்.

துணைக்கு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டார். ஊரில் யோசிக்கிற வேலையெல்லாம் இருசப்பனுடையது. வயரிங் வேலை பச்சையப்பனுடையது. பச்சையப்பன் சம்சாரம் எல்லம்மா, தான் இல்லாமல் புருஷன் எந்த வேலையையும் முடித்ததில்லை என்று தானாகவே வந்துவிட்டாள்.

முதல் வேலை புள்ளி. தணிகாசலம் பென்சிலை எடுத்துக்கொண்டு, "மேல் பக்கம் எது?" என்றார்.

"சூரியன் சாயுற பக்கம்தாண்ணே" என்றான் இருசப்பன். "மேலத் தெரு எங்க இருக்கு? அந்தப் பக்கம்தான் மேல் பக்கம்."

ஏழு முட்டைக்கும் மேற்கே பார்த்துப் புள்ளி வைத்தார்கள்.

அடுத்தது ஓட்டை. பச்சையப்பன் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றின் மேல் 'உள்ளே' என்றும் மற்றதன் மேல் 'வெளியே' என்றும் பெயின்டால் எழுதினான். இருசப்பனுக்கு அது போதவில்லை.

"காத்துக்குப் படிக்கத் தெரியுமாடா?"

பச்சையப்பன் யோசித்தான். "நம்ம ஊர்க் காத்துக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் பக்கமிருந்து வர்ற காத்துக்குக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்."

எதற்கும் இருக்கட்டும் என்று எழுத்துக்குப் பக்கத்தில் அம்புக்குறியும் போட்டார்கள். தப்பான ஓட்டையில் நுழைகிற காற்றைத் திருப்பி அனுப்ப எல்லம்மா ஒரு முறத்தோடு காவலுக்கு உட்கார்ந்தாள்.

விசிறி விஷயத்தில் சிக்கலே இல்லை. பனையோலை விசிறி ஒன்றை முட்டைகளுக்குப் பக்கத்தில் மணல்மேல் படுக்க வைத்து மூடினார்கள்.

"ஒண்ணும் வீசக் காணோமே" என்றார் தணிகாசலம்.

"வைக்கத்தானே சொன்னாங்க, வெச்சாச்சு. வீசணும்னா வீசுன்னு சொல்லியிருப்பாங்களே?" என்றான் இருசப்பன்.

தணிகாசலத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பல்பு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மேடம் கொடுத்த வெப்பமானி முப்பத்து மூன்று காட்டியது. நான்கு பேரும் பதறிப்போனார்கள். எல்லம்மாதான் சட்டென்று அதை வெளியே எடுத்து மண்பானைத் தண்ணீரில் முக்கினாள். முள் மளமளவென்று இறங்கியது. சரியாக முப்பது வந்ததும் துடைத்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"நல்ல வேளை" என்றார் தணிகாசலம். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா முட்டைங்க கதி என்ன ஆயிருக்கும்!"

ஆனால் அந்தப் பாழாய்ப்போன முள் மறுபடி ஏறியது. வேறு மூலையில் வைத்துப் பார்த்தால் இருபத்தேழுக்கு இறங்கியது. பல்பு பக்கம் கொதிக்கிறது, எதிர்ப் பக்கம் குளிர்கிறது. தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு மூலை வேலூரா இருக்கு, ஒரு மூலை ஏலகிரியா இருக்கு. ஒரே வயித்துப் புள்ளைங்கள இப்படிப் பாரபட்சமாவா வளப்பாங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

இருசப்பன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். நெற்றியைத் தேய்த்தான். கடைசியில் கண்டுபிடித்துவிட்டான்.

"அண்ணே, தப்பு சூட்டுல இல்ல. மூலையில இருக்கு. மூலை இருக்கறதாலதானே மூலைக்கு மூலை மாறுது? மூலையே இல்லன்னா?"

எல்லம்மா எழுந்துபோய், தாய் வீட்டில் சீராகக் கொடுத்த பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள்.

அதில் பல்பு மாட்டப் பச்சையப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. பித்தளை ஷாக் அடிக்கும் என்றான். "பல்பு எதுக்கு? இட்லிக் குண்டான்ல பல்பா மாட்டறோம்? அதுல எந்த இட்லியாவது வேகாம வந்திருக்கா?" என்று எல்லம்மா கேட்டாள். அண்டாவைவிடப் பெரிய கொப்பரையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் அண்டாவை இறக்கி, அண்டாவுக்குள் மணலைக் கொட்டினார்கள்.

முட்டைகளை மாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. புள்ளி மேற்கைவிட்டுத் திரும்பக் கூடாது. கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போக இரண்டு இடத்தில் திரும்ப வேண்டும். ஆகவே தணிகாசலம் ஒவ்வொரு முட்டையையும் மணலோடு இரண்டு கையில் ஏந்தி, மேற்கே பார்த்தபடியே நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார். ஒரு முட்டைகூடத் துளி அசையவில்லை.

"இப்ப காத்து சுத்தணும்" என்றான் இருசப்பன். "அண்டாவுக்கு ஓட்டை கிடையாது. அதனால நாமதான் காத்தக் கூட்டிக்கிட்டுச் சுத்தணும்."

விசிறியை வீசிக்கொண்டே ஆள் மாற்றி ஆள் அண்டாவைச் சுற்றினார்கள். ஒருநாள் பச்சையப்பன் இடப்பக்கமாகவும் இருசப்பன் வலப்பக்கமாகவும் சுற்ற, தணிகாசலம் ஓடிவந்து தடுத்தார். "ரெண்டு காத்தும் நடுவுல மோதிக்கிச்சுன்னா முட்டைக்கு அடிபடும்டா!" அதன்பிறகு எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றினார்கள். மோர் விற்க வந்த வெளியூர்க்காரி ஒருத்தி, என்ன சாமி என்று கேட்காமலே அண்டாவுக்குக் குங்குமம் வைத்து, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போனாள். அவள் கிளப்பிய காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

தண்ணீர் ஆறினால் ஊற்றுவதும், சுற்றுவதும், வெப்பமானியைப் பானையில் முக்குவதுமாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. தணிகாசலம் டீக்கடையைத் திறப்பதையே விட்டுவிட்டார். வீட்டில் திட்டு விழுந்தது. முட்டைகளோடு பேசவும் ஆரம்பித்திருந்தார்.

ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தவர் அலறிவிட்டார். ஒரு முட்டையில் கீறல் விழுந்திருந்தது.

"போச்சே! நம்பிக் குடுத்தாங்களே! நேத்து நான் வேகமாச் சுத்திட்டேன், அதான் காத்துபட்டு உடைஞ்சிடுச்சு!" அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

பச்சையப்பன் தன் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தான். கீறலின் மேல் டேப்பை ஒட்டி அழுத்திவிட்டான். பக்கத்து முட்டையும் கீறியது. அதற்கும் ஒட்டினான். மூன்றாவதற்கு டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தபோது மேடம் வாசலில் வந்து நின்றார்.

"ஐயோ, என்ன பண்றீங்க! முட்டை பொரியுது!"

"சாமி சத்தியமா இல்லீங்க மேடம்" என்றான் இருசப்பன். "எண்ணெய்ப் பக்கமே கொண்டுபோகல. வெறும் தண்ணியிலதான் வெச்சிருந்தோம்."

மேடம் அவனைத் தள்ளிவிட்டு டேப்பை மெல்ல உரித்தார். ஓட்டின் உள்ளிருந்து சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு தலை நீண்டு, தணிகாசலத்தை முறைத்தது. மத்தியானத்துக்குள் ஏழும் வெளியே வந்துவிட்டன. தணிகாசலம் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினார். இந்த முறை அழுகை வேறு மாதிரி இருந்தது.

மேடம் அண்டாவைப் பார்த்தார், கொப்பரையைப் பார்த்தார், வெப்பமானியை மணலில் நாலு இடத்தில் செருகிப் பார்த்தார். நாலு இடத்திலும் ஒரே சூடுதான். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார்.

"பிரமாதம் ஐயா. என்ன, சூடு கொஞ்சம் அதிகம். ஆமைக்குச் சூட்டை வெச்சுத்தான் ஆணா பெண்ணான்னு ஆகும். இந்தச் சூட்டுக்கு ஏழும் பொண்ணாத்தான் இருக்கும்."

மேடம் குஞ்சுகளை ஏரியில் விட்டுவிட்டு, கைகொடுத்துவிட்டுப் போனார். நான்கு பேரும் கரையில் அப்படியே நின்றார்கள்.

"ஏழுமா?" என்றாள் எல்லம்மா.

"ஏழும்" என்றார் தணிகாசலம், ஈனக் குரலில்.

மறுநாள் காலை நான்கு பேரும் குளித்து, வெள்ளை வேட்டியும் பட்டுப் புடவையும் கட்டி, வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டோடு பக்கத்து ஊர் ஏரிக்குப் போனார்கள். மதகைத் திறந்துவிடுகிற பெரியவர் ஒருவர்தான் அங்கே இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் மரியாதையாக, "பொண்ணுங்களுக்கு என்ன வயசு?" என்றார்.

"நேத்துதான் பொறந்தாங்க."

"அப்ப என்னங்க அவசரம்?"

"மாப்பிள்ளை வீட்டார் ஆமைங்களாச்சே" என்றார் தணிகாசலம். "இப்பவே கிளம்பினாத்தானே முகூர்த்தத்துக்கு வந்து சேர முடியும்?"

பெரியவர் தலையாட்டினார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்கு மேல் ஒரு கிழட்டு ஆமை தலையை நீட்டியது. தட்டைப் பார்த்தது, பட்டுப் புடவையைப் பார்த்தது, பொளக்கென்று முங்கிவிட்டது.

"பையன் ரொம்ப அடக்கம்" என்றாள் எல்லம்மா.

"அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு வரப் போயிருக்காரு" என்றான் இருசப்பன்.

நான்கு பேரும் வேட்டி புடவையைச் சரிசெய்துகொண்டு கரையில் உட்கார்ந்தார்கள். தட்டை மட்டும் தணிகாசலம் கீழே வைக்கவில்லை. சம்பந்தி அம்மாள் எந்த நேரத்தில் எழுந்து வருவாரோ!