இடது பக்கத்துக் குண்டுப் பெட்டி

ஒரு பெட்டி செய்து முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? மூடி சரியாக உட்கார்ந்தால் போதும் என்பீர்கள். கொண்டி விழுந்தால் போதும் என்பீர்கள். தாணுமாலயனும் அப்படித்தான் நினைத்தார்.

அவருக்கு அறுபது முடிந்துவிட்டது. முப்பத்து மூன்று வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே ஆரல்வாய்மொழியில் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைக்குப் போய், தன் வயதில் பாதிகூட ஆகாத இசக்கியம்மாளிடம் சீடராகச் சேர்ந்துவிட்டார். ஊர் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

இசக்கியம்மாள் செய்வது ஒரே வேலைதான். பட்டாளத்தில் தோட்டா போட்டு வைத்திருந்த இரும்புப் பெட்டிகள் ஏலத்துக்கு வரும். பச்சைப் பெயின்ட், மேலே வெள்ளை எழுத்து. குண்டுப் பெட்டி என்பார்கள். அதை வாங்கி, கிரீஸைக் கழுவி, துருவைத் தேய்த்து, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் மாட்டுகிற சாமான் பெட்டியாக்கித் தருவாள். தூர தேசம் போகிறவர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

முதல் நாள் கேட்டாள்.

"எங்க போகப் போறீங்க அண்ணாச்சி?"

"வடக்க. ரோடு முடியுற வரைக்கும்."

"எதுக்கு?"

"முப்பத்து மூணு வருசம் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் போயிட்டு வந்தாச்சு. ஒரு தடவையாவது டிக்கெட் கிழிக்காமப் போகணும்."

இசக்கியம்மாள் சிரித்தாள். "சரி, ஒங்க வண்டிக்கு நீங்களே செய்யுங்க. முடிஞ்சுதுன்னு நான் சொன்ன பெறவு கெளம்புங்க."

அது அந்தப் பட்டறையின் வழக்கம். அவள் வாயால் சொல்லாமல் எந்தப் பெட்டியும் ரோடு ஏறாது.

தாணுமாலயன் ஆசை ஆசையாகச் செய்தார். இருப்பதிலேயே பெரிய பெட்டி இரண்டைப் பொறுக்கினார். சதுரக் குழாயில் சட்டம் வளைத்து வெல்டிங் வைத்தார். அதிர்ச்சி தாங்க ஒவ்வொரு போல்டுக்கும் ரப்பர் கொடுத்தார். வலது பக்கம் சைலன்சர் சூடு ஏறாமல் ஒரு தகடு வைத்தார். இடது பக்கம்தான் கொஞ்சம் மல்லுக்கு நின்றது. சேலை பின்சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் போட்டிருக்கும் சாரி கார்டும், அதற்குக் கீழே பெண்கள் கால் வைக்கிற நீள மிதியும் இடைஞ்சலாக இருந்தன. கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். பெட்டி அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"மேஸ்திரி, முடிஞ்சுது."

இசக்கியம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

தண்ணீரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார் அவர். உள்ளே பேப்பரைப் போட்டு மூடி, அரைமணி நேரம் டியூபால் தண்ணீர் அடித்தார். திறந்தால் பேப்பர் அப்பளம் மாதிரி இருந்தது.

"ஒரு சொட்டு எறங்கல."

"நல்ல ரப்பர். இன்னும் இல்ல."

அப்படியானால் காற்று. ஆனி மாதத்துக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆளையே தள்ளும். இரண்டு பெட்டியிலும் சரிசமமாக அரிசி மூட்டை வைத்து, முப்பந்தல் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினார்.

"வண்டி ஒரு பக்கமும் சாயல மேஸ்திரி."

"கை நல்லாத்தான் இருக்கு. இன்னும் இல்ல."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன கொறைன்னு சொல்லித்தான் தொலைங்களேன்!"

"வீட்ல மதினி என்ன சொல்லுதாங்க?"

"அவ எங்க சொல்லுதா? பதினோரு நாளாப் பேச்சு கெடையாது. சோறு வைக்கா, கொழம்பு ஊத்துதா, தண்ணி வைக்கா. வாயை மட்டும் தெறக்கல."

"எப்பருந்து?"

"சட்டம் மாட்டதுக்காகப் பழசையெல்லாம் கழத்திட்டு வீட்டுக்குப் போனேன்லா, அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து."

"ஏதும் கேட்டாங்களா?"

"ஒண்ணும் கேக்கல. வந்தா, வண்டியைச் சுத்திப் பாத்தா. உள்ள போயிட்டா."

இசக்கியம்மாள் டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நான் போறது அவளுக்குப் புடிக்கல, அவ்வளவுதான்," என்றார் தாணுமாலயன். "வெள்ளிக்கெழமை காலைல நான் கெளம்பியாச்சு. நீங்க சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி."

"கெளம்புங்க. அதுக்கு முன்னால வியாழக்கெழமை எனக்கு ஒரு ஒத்தாசை. நாகர்கோவில்ல ஒரு கல்யாணம். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கொண்டு விடுங்க."

"இதுக்குப் போயி ஒத்தாசைன்னுட்டு!"

வியாழக்கிழமை காலையில் அவருக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. தினமும் சுடிதார் மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிரைண்டரோடு நிற்கிறவள், மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணப் பொண்ணே நீங்கதானோ மேஸ்திரி?"

"என் மவன் ரெண்டாங்கிளாஸ் படிக்கான். வண்டியை எடுங்க அண்ணாச்சி, நேரமாகுது."

அவர் வண்டியைக் கிளப்பினார். அவள் இடது பக்கமாக வந்து, கொசுவத்தை ஒரு கையில் கூட்டிப் பிடித்து, சேலை கட்டிய பெண்கள் ஏறுகிற மாதிரி ஏறப் பார்த்தாள்.

கால் வைக்க இடம் இல்லை. இருந்தது பச்சை இரும்பு.

கொஞ்சம் மேலே தூக்கி வைத்தாள். முழங்கால் கொண்டியில் இடித்தது. எப்படியோ எக்கி, சீட்டின் நுனியில் பாதி உட்கார்ந்தாள். இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. காற்று ஒரு வீச்சு வீசியது. முந்தானை பறந்து சக்கரத்துப் பக்கம் போனது. வெடுக்கென்று இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

முந்தானையை இடுப்பில் செருகினாள். பூவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எதிர்காற்றில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

தாணுமாலயன் இன்ஜின் ஓட ஓட அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தூரத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் கத்துவது காற்றில் இங்கே வரைக்கும் கேட்டது. "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் கெடக்கு!"

இப்படி எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பார் தாணுமாலயன். மூச்சு விட முடியாத கூட்டத்திலும், கோழிக்கூடையோடு ஏறுகிற கிழவிக்குக்கூட ஒரு இடம் பண்ணிக் கொடுத்திருக்கிறார். இசக்கியம்மாளும் அந்த பஸ்ஸின் கூட்டத்தில் எப்படியோ ஏறிப் போய்விட்டாள்.

இன்ஜினை அணைத்தார்.

பழைய இரும்புக் குவியலில் சாரி கார்டு அடியில் போயிருந்தது. மண்டியிட்டுக் கிளறினார். கையைக் கிழித்துக்கொண்டார். எடுத்துப் பார்த்தபோது கம்பியின் வளைவில் ஒரு நீல நூல் சிக்கியிருந்தது. மனைவி செண்பகவல்லியிடம் அந்த நிறத்தில் ஒரு சேலை உண்டு. எங்கே போகும்போது சிக்கியது என்று யோசித்தார். சந்தைக்கா, ஆஸ்பத்திரிக்கா. அதற்கு மேல் தூரமாக அவளை எங்கும் கூட்டிப் போனதாக ஞாபகம் வரவில்லை.

நூலை எடுக்காமல் துருவை மட்டும் தேய்த்தார்.

சாயங்காலம் தாம்பூலப் பையோடு இசக்கியம்மாள் திரும்பி வந்தாள். இடது பக்கத்துப் பெரிய பெட்டி தரையில் கிடந்தது. அதன் இடத்தில் சாரி கார்டு ஏறியிருந்தது. சின்னப் பெட்டி ஒன்று சீட்டுக்குப் பின்னால், சக்கரத்துக்கு மேலே போயிருந்தது. எடை சரிக்கட்ட வலது பக்கத்துப் பெட்டியும் சின்னதாகியிருந்தது. மிதியைக் கையில் வைத்துக்கொண்டு தாணுமாலயன் உட்கார்ந்திருந்தார்.

முடிந்தது என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை.

"மேஸ்திரி, இதை எந்த உசரத்துல வைக்க?"

"ஏறப்போறது நானா அண்ணாச்சி?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?"

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வடக்கே கிளம்பவில்லை. அது பட்டறையிலேயே நின்றது. பத்து மணி பஸ்ஸில், ஆயுசில் முதல் தடவையாக இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு தாணுமாலயன் வந்து இறங்கினார். பின்னாலேயே செண்பகவல்லி இறங்கினாள்.

"வாங்க மதினி," என்றாள் இசக்கியம்மாள்.

செண்பகவல்லி தலையை அசைத்தாள். பேசவில்லை. அன்றைக்குப் பதினாலாம் நாள்.

"கால் அளவு பாக்கணும், ஏறி உக்காருன்னேன். வந்துட்டா," என்றார் அவர், பொதுவாக.

மிதி தளர்ந்த போல்டில் நின்றது. தாணுமாலயன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். இசக்கியம்மாள் ஸ்பானரோடு கீழே குத்த வைத்தாள். செண்பகவல்லி ஏறி உட்கார்ந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டாள். சாரி கார்டின் கம்பியை விரலால் தடவிப் பார்த்தாள். பின்னால் திரும்பி, சின்னப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள். கொண்டி டக்கென்று விழுந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் அவர்.

அவள் பாதத்தை மிதியில் இப்படியும் அப்படியும் மாற்றி வைத்துப் பார்த்தாள். முழங்கால் கொஞ்சம் மடங்கியே நின்றது. ரோட்டைப் பார்த்தாள். அது காற்றாலைகளுக்கு நடுவே வடக்கே போய்க்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க," என்றாள் புருஷனிடம். "மிதியை இன்னும் ரெண்டு வெரக்கடை எறக்கி வைக்கச் சொல்லுங்க. தூரம் போகணும்லா."